அடியா, நடுக்கமா?

கேள்வி: ஐயா, எனக்கு 20 வயது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாலக்காட்டில் கல்லூரியில் படிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிக்கிறேன். நண்பர்கள் நால்வர் சேர்ந்து டெத் மெட்டல் குழு வைத்திருக்கிறோம். பிப்ரவரியில் கல்லூரி விழா. அதில் வாசிக்கவேண்டிய பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 220 தட்டு. இரண்டு காலாலும் கிக் டிரம்மை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடிக்கும் டபுள் பெடல் எனக்கு 165 வரைதான் வருகிறது. அதற்கு மேல் போனால் தொடை இறுகிவிடுகிறது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எரிகிறது. பிளாஸ்ட் பீட் வாசித்தால் இடது கை 20 நொடியில் ஓய்ந்துபோகிறது. ஸ்விவல், ஹீல்-டோ, கிராவிட்டி என்று வீடியோக்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது? டிரிக்கர் வாங்கினால் தீருமா? பயிற்சி செய்வது தோப்பில் மோட்டார் ரூமில். எங்கள் அப்பாரு (தாத்தா) தவில் வாசித்தவர். ஒரு நாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இது அடி இல்லை, நடுக்கம்" என்று சொல்லிப் போய்விட்டார். அன்றிலிருந்து மனம் சரியில்லை.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது 165, 220 என்ற எண்கள்தான் கண்ணில் பட்டன. மறுபடி படித்தபோது உங்கள் அப்பாரு சொன்னது மட்டும் நின்றது. அதை வசவாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ, நாடி பார்த்த வைத்தியர் சொன்னது போல இருக்கிறது. தவில்காரரின் காது வாசலில் நின்றபடியே நோயைச் சொல்லிவிட்டது. மருந்தைச் சொல்லாமல் போய்விட்டார், அவ்வளவுதான். பழைய வித்வான்கள் பலருக்கு அந்தக் குணம் உண்டு.

வேகமாக வாசிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அடிப்பது. மற்றது, தசையை இறுக்கிப் பூட்டிவிட்டு அது உதறட்டும் என்று விட்டுவிடுவது. மனித உடம்பில் எப்போதும் மெல்லிய நடுக்கம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 அதிர்வு. தேங்காய் மூட்டையை இறக்கி வைத்த பிறகு விரல்கள் உதறுகின்றனவே, அது இந்த நடுக்கம் களைப்பால் பெரிதாகி வெளியே தெரிவதுதான். இப்போது உங்கள் பாட்டின் கணக்கைப் போடுங்கள். நிமிடத்துக்கு 220 தட்டு, தட்டுக்கு நான்கு கிக், ஆக நிமிடத்துக்கு 880. நொடிக்கு 14.7. இரண்டு கால்களுக்கும் பங்கிட்டால் காலுக்கு 7.3. நடுக்கம் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு அது. அந்த வேகத்தைக் கேட்டால், பழகாத உடம்பு அடியைத் தராமல் கைவசம் இருக்கும் நடுக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. உங்கள் அப்பாரு கேட்டது அதைத்தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் இன்று மாலையே சோதித்துப் பாருங்கள். உங்களால் முடிந்த உச்ச வேகத்தில் வாசிக்கும்போது நான்கில் முதல் அடியை மட்டும் அழுத்திக் காட்டுங்கள்: தகதிமி தகதிமி. பிறகு ஐந்தில் முதல் அடியை. பிறகு, வாசித்துக்கொண்டே வேகத்தை மெல்ல 150-க்கு இறக்குங்கள். அடி என்றால் இவை மூன்றும் முடியும். நடுக்கம் என்றால் அழுத்தம் தங்காது, வேகம் இறங்காது. ஒன்று ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும். ஒவ்வொரு அடிக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. நடுக்கத்துக்கு மொத்தமாக ஒரே தொடக்கம், ஒரே முடிவு.

இதை உயர்ந்த இடத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. என் இருபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கானமேளா குழுவில் வாசித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் வேலை பார்த்த நண்பன் கொண்டுவந்த ஒலிநாடாவில்தான் முதன்முதலாக இந்த வாசிப்பைக் கேட்டேன். மனிதன் வாசிக்கிறானா, நாடா சிக்கிக்கொண்டதா என்று சந்தேகம். ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கையிலிருந்து விரல் வரை இறுக்கி அதைப் பிடிக்கப் பார்த்தேன். பிடித்தும்விட்டேன், 15 நொடிக்கு. இடது மணிக்கட்டு வீங்கி மூன்று மாதம் குச்சியைத் தொட முடியவில்லை. திருவிழாப் பருவம் முழுக்க என் இடத்தில் வேறொருவர் வாசித்தார். அவர் சம்பளத்தை எண்ணியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் கால். நீங்கள் 165-இல் நிற்பது உங்கள் குறை இல்லை. எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் தமிழக-கேரள எல்லையில், வாளையாரில் லாரிகள் வரிசை கட்டி நின்றது உங்கள் வயதுக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும். சாலை நன்றாக இருக்கும், வண்டியும் நன்றாக இருக்கும், ஆனாலும் நகராது. இந்தப் பக்கத்துக் காகிதம் அந்தப் பக்கம் செல்லாது. டபுள் பெடலில் 150 முதல் 180 வரை உள்ள இடம் அப்படிப்பட்ட எல்லை. அதற்குக் கீழே தொடையிலிருந்து முழுக் காலும் எழுந்து விழலாம். ஓசை கனமாக வரும், களைப்பும் இருக்காது. அதற்கு மேலே தொடைக்கு வேலை இல்லை. அவ்வளவு எடையை நொடிக்கு ஏழு தடவை தூக்கிப் போட எந்தத் தொடைக்கும் முடியாது. அங்கே கணுக்கால்தான் வாசிக்க வேண்டும். தொடை பெடலின் மேல் கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தால் போதும். நீங்கள் கீழ்ச்சீமைக் காகிதத்தை வைத்துக்கொண்டு மேல்சீமைக்குள் நுழையப் பார்க்கிறீர்கள். தொடை தன்னால் முடிந்தவரை தூக்குகிறது, முடியாதபோது பூட்டிக்கொள்கிறது.

ஆகையால் 165-லிருந்து 170, 170-லிருந்து 175 என்று ஏறாதீர்கள். அது தொடையை மேலும் இறுக்கவே பழக்கும். நேராக 190-க்குப் போங்கள். ஆனால் ஐந்து அடி மட்டும். குதிகாலைப் பெடலுக்கு ஓரங்குலம் மேலே வைத்துக்கொண்டு, முன்பாதத்தால், கணுக்கால் அசைவில் ஐந்தே அடி. உடனே நிறுத்தி ஒரு முழு மூச்சு விடுங்கள். மறுபடி ஐந்து. இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். ஐந்து சமமாக வந்தால் ஒன்பது, பிறகு பதினேழு. இறுக்கம் தலைகாட்டும் முன்பே நிறுத்துவதில்தான் இந்தப் பயிற்சியின் உயிர் இருக்கிறது. அதோடு கணுக்கால் அசைவை 110, 120 போன்ற நிதான வேகத்திலும் தனியாகப் பழக வேண்டும். அந்த வேகத்தில் அது முட்டாள்தனமாகத் தெரியும், ஓசையும் மெலிந்திருக்கும். பரவாயில்லை.

முன்கால் எரிச்சலுக்குக் காரணமும் இதிலேயே ஒளிந்திருக்கிறது. பாதத்தை அழுத்துவது பின்பக்கத்துக் கெண்டைக்கால் தசை. தூக்குவது முன்பக்கத்தில் எலும்பை ஒட்டி ஓடும் தசை. உங்களுக்கு எரிவது தூக்கும் தசை. அதாவது ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பாதத்தை நீங்களே மேலே இழுக்கிறீர்கள். அந்த வேலைக்குத்தான் பெடலில் ஸ்பிரிங் இருக்கிறது! கடையில் வாங்கியபோது இருந்த தளர்விலேயே ஸ்பிரிங்கை விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று சுற்று இறுக்குங்கள். பாதத்தை அது தள்ளி மேலே கொண்டுவரட்டும். ஸ்டூலையும் கொஞ்சம் உயர்த்துங்கள்: இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும், தொடை முன்னோக்கிச் சரிய வேண்டும். தாழ உட்கார்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் தொடையை மேட்டில் ஏற்றுகிறீர்கள். வாசித்து முடித்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் எரிச்சல் இருந்தாலோ, பாதத்தில் மரத்துப்போன உணர்வு வந்தாலோ, மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதை வீரம் என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். மார்பிட் ஏஞ்சல் குழுவின் பீட் சாண்டோவல் இந்த வாசிப்பின் மூத்தவர்களில் ஒருவர். 1989-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்த டிரம்மர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததால், 2011-இல் வந்த ஆல்பத்தில் அவரால் வாசிக்க முடியாமல் போயிற்று. உடம்பு அவருக்கும் உடம்புதான்.

இனி நாள்தோறும் செய்யவேண்டிய சாதகம். உங்கள் வீட்டிலேயே அதற்கு ஆசான் இருக்கிறார் என்பதால் மேற்கத்தியப் பாடப் புத்தகங்களை விட்டுவிடுகிறேன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 50-இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு நான்கு அடி, தகதிமி, முதல் காலம். மெட்ரோனோமைத் தொடாமல் ஒரு தட்டுக்கு எட்டு, இரண்டாம் காலம். பதினாறு, மூன்றாம் காலம். மூன்றாம் காலத்தில் நீங்கள் வாசிப்பது உங்கள் கணக்கில் 200 வேகம். ஆனால் காதில் விழும் தட்டு 50-தான். பதற்றம் பாதி குறைந்துவிடும். வேகமான டிக்-டிக் ஓசையே ஆளை இறுக்கிவிடுகிறது என்பது என் அனுபவம். ஐந்து நிமிடம் முதல் காலம், மூன்று நிமிடம் இரண்டாம் காலம், பத்து நொடி மூன்றாம் காலம். மூன்றாவது தவறினால் உடனே முதலாவதுக்கு இறங்கிவிடுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. கோயிலில் பஞ்சாரி என்ற செண்டை மேளத்தை நின்று கேட்டிருப்பீர்கள். முதல் காலத்தில் 96 அட்சரம்; பிறகு 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகக் குறுகிக்கொண்டே வரும். முதல் காலத்தில் தூக்கம் வருகிறது என்று பாதிப் பேர் வளையல் கடைப் பக்கம் போய்விடுவார்கள். கடைசிக் காலத்தில் கை உயர்த்தி ஆடுவதற்குத் திரும்பி வருவார்கள். மேளம் வாசிக்கும் மாரார்கள் மட்டும் தொடக்கத்திலிருந்து அங்கேயே நிற்கிறார்கள். அவர்கள் கடைசியில் அவ்வளவு வேகமாக வாசித்தும் தோள் இறுகாமல் இருப்பதற்கு முதல் காலத்தின் நிதானம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அடுத்த கோயில் திருவிழாவுக்குப் போகும்போது உருட்டுச் செண்டைக்காரர்களின் மணிக்கட்டைப் பாருங்கள், கோலைப் பார்க்காதீர்கள். மேலும் கீழுமாகப் போவது கொஞ்சம், சாவி திருப்புவது போல உருளுவது அதிகம். அந்தப் பிள்ளைகள் தோலைத் தொடுவதற்கு முன் கருங்கல்லில் புளிமரக் கோலால் மாதக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள். கல் பொய் சொல்லாது: இறுக்கிப் பிடித்தால் கோல் துள்ளாது, கைதான் வலிக்கும்.

அதோடு கைக்கு வந்துவிட்டோம். உங்கள் இடது கை ஏன் 20 நொடியில் ஓய்கிறது? கால் கதையேதான். மணிக்கட்டு ஒரு வேகம் வரை வாசிக்கும். அதற்கு மேல் விரல்கள் வாசிக்க வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் குச்சியைத் தாங்கும் அச்சு. மற்ற மூன்று விரல்களும் துள்ளி வரும் குச்சியை உள்ளங்கைப் பக்கம் தட்டித் திருப்பி அனுப்புகின்றன. உங்கள் ஊர்த் தோப்பிலேயே இதற்குப் பாடம் நடக்கிறது. கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு உங்கள் சித்தூர்ப் பக்கத்துத் தென்னைகளில் இறங்குவது. மரமேறி பாளையைத் தட்டும்போது கீழே நின்று கேளுங்கள். ஓங்கி அடித்தால் பாளை நசுங்கி அன்றைய கள் போயிற்று. சோம்பலாகத் தட்டினால் சுரக்காது. எடையைக் கட்டையிடமே விட்டுவிட்டுக் கை அதை வழிநடத்துவதோடு நின்றுவிடுகிறது. காலையிலும் மாலையிலுமாக எத்தனை மரம்! மணிக்கட்டை இறுக்கினால் பத்தாவது மரத்தில் கீழே இறங்கியிருப்பார்.

பயிற்சி இது: தலையணையில் வேண்டாம், துள்ளும் ரப்பர் பேடில், இடது கை மட்டும், 100 வேகத்தில் தட்டுக்கு நான்கு. குச்சி திரும்பி வரும் உயரம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வலது கையை எண்ணவே வேண்டாம். நான்கு மாதத்துக்கு இடது கையால் பல் துலக்குங்கள், தோசை திருப்புங்கள். சிரிக்காதீர்கள், பலன் உண்டு.

பிளாஸ்ட் பீட்டில் வகைகள் பல இருக்கின்றன. பெயர்களைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. 'தக' என்று சொல்லிப் பாருங்கள். 'த'வில் கிக்கும் சிம்பலும் (உலோகத் தட்டு) சேர்ந்து விழ, 'க'வில் ஸ்நேர் (கையால் வாசிக்கும் சிறு டிரம்) விழுந்தால் அது பழைய, மூல வடிவம். கிக், ஸ்நேர், சிம்பல் மூன்றும் ஒரே நேரத்தில் விழுந்தால் ஹேமர். கைகள் அப்படி ஓடக் கீழே இரண்டு கால்களும் நிறுத்தாமல் இரட்டிப்பாக ஓடினால் பாம். மூல வடிவத்துக்கு 'பிளாஸ்ட் பீட்' என்ற பெயரைப் பரப்பியவர் இங்கிலாந்தின் நேபாம் டெத் குழுவில் வாசித்த மிக் ஹாரிஸ்; அவர்களுடைய முதல் ஆல்பம் 1987-இல் வந்தது. அதில் ஒரு பாட்டு ஒன்றரை நொடிகூட இல்லை. அதை முதலில் கேட்டபோது ஒலிநாடா அறுந்துவிட்டது என்று நினைத்தவன் நான்.

இப்போது உங்கள் பிப்ரவரிக்கு ஒரு வழி சொல்கிறேன். மூல வடிவத்தில் 220-இல் கிக் நொடிக்கு 7.3 தடவை விழ வேண்டும். அதை ஒற்றைக் காலில் வாசிக்கத்தான் நீங்கள் முயல்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். டபுள் பெடல் எதற்கு வைத்திருக்கிறீர்கள்? வலது, இடது என்று மாற்றி வாசியுங்கள், காலுக்கு 3.7 மட்டுமே. இன்றைக்கு உங்களிடம் இருக்கும் காலுக்கே அது எளிது. சிலர் இதை ஏமாற்று என்பார்கள். கேட்பவர்களின் காதுக்கு எந்தக் கால் என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆள் மேடைக்குக் கீழே நின்று உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு டிரம்மர் மட்டும்தான். ஆக, பிளாஸ்ட் பகுதிகளை 220-லேயே வாசிக்கலாம். டபுள் பாஸ் ஓடும் பகுதிகளில் மட்டும் முழு ஓட்டம் வேண்டாம். நான்கு அடி, இடைவெளி, நான்கு அடி, இடைவெளி என்று வெட்டி வாசியுங்கள். ஐந்தடிப் பயிற்சி இங்கே நேராகக் கைகொடுக்கும். கிட்டார் வாசிப்பவரிடம் அந்த இடைவெளிகளில் தந்தியை அமுக்கி ஓசையை நிறுத்தச் சொல்லுங்கள். பாட்டு இன்னும் முரட்டுத்தனமாக ஒலிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். குழு சம்மதித்தால் பாட்டையே 200-க்கு இறக்குங்கள். சம்மதிக்காவிட்டால் சண்டை வேண்டாம்.

மூன்று வித்தைகளைக் கேட்டிருந்தீர்கள். ஸ்விவல் என்பது கணுக்கால் இறங்கும்போது பாதம் இடமும் வலமும் திரும்புவது. ஒரே தசை எல்லாச் சுமையையும் தாங்காமல் பங்கு பிரிகிறது. 200-க்கு மேலே சிலருக்கு அது தானாகவே வரும். கிரேக்க டிரம்மர் ஜார்ஜ் கோலியாஸ் நைல் குழுவில் வாசிப்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் பாதத்தை ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர் கணுக்காலில் செலவழித்த ஆண்டுகள் வீடியோவில் தெரிவதில்லை. உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஹீல்-டோவில் கால் ஒரு தடவை அசைய, பாதத்தின் நடுப்பகுதி ஓர் அடி, முன்பாதம் ஓர் அடி என இரண்டு விழும். காலின் வேலை பாதியாகிறது. நல்ல வித்தைதான், ஆனால் இரண்டு அடிகளும் ஒரே கனத்தில் விழ ஓராண்டாவது ஆகும்; அதுவரை நொண்டிக் குதிரை ஓடுவது போலக் கேட்கும். கிராவிட்டியில் ஸ்நேரின் விளிம்பில் குச்சியைச் சாய்த்து நெம்புகோல் போல ஆட்டினால் கீழே போகும்போது ஓர் அடி, மேலே வரும்போது ஓர் அடி. பார்க்கக் கண்கட்டு வித்தை. ஓசை மெலிவு, மைக் இல்லாத கல்லூரி அரங்கில் கிட்டாருக்கு நடுவே காணாமல் போய்விடும். பொழுதுபோக்காகப் பழகுங்கள்.

டிரிக்கர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சண்டை அதிகம். கிக் டிரம்மின் விளிம்பில் ஓர் உணர்கருவியைப் பொருத்தினால், ஒவ்வொரு அடியின் அதிர்வையும் அது ஒரு பெட்டிக்கு அனுப்பும். பெட்டி ஏற்கனவே பதிவு செய்த கிக் ஓசையை ஒலிக்கும். மெல்லத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே கனத்தில் கேட்கும்படி வைத்துக்கொள்ளலாம். இடது காலின் பலவீனத்தை அது மறைக்கும். காலம் தவறுவதை மறைக்காது. சேற்றில் புதைந்திருந்த தவறைக் கழுவி வெளியே எடுத்து வைக்கும். பெரிய மேடைகளில் அதைப் பயன்படுத்துவது நாணயக்கேடு இல்லை. ஆனால் நீங்கள் இப்போது வாங்கினால் இடது கால் என்றைக்கும் பலம் பெறாது. மைக்கே வேண்டாம் என்று நின்ற மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் ஜில்லாக்காரர் நீங்கள், ஓராண்டு பொறுக்கலாம். அந்தப் பணத்தில் நல்ல காதடைப்பான் வாங்குங்கள். 85 டெசிபெல் ஓசையை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான். மோட்டார் ரூமின் நான்கு சிமெண்ட் சுவருக்குள் டிரம்ஸ் அதைத் தாண்டும். சுவரில் பழைய மெத்தை, சாக்கு, எது கிடைத்தாலும் தொங்கவிடுங்கள். தண்ணீர் ஒழுகும் மூலையில் மின்சாரப் பெட்டி இருந்தால் அந்தப் பக்கம் டிரம்ஸை வைக்காதீர்கள், இதையும் சொல்லிவிடுகிறேன்.

வேகத்துக்காகவே நடக்கும் போட்டிகளும் உண்டு. 2013-இல் கனடாவின் டாம் கிராசெட் 60 நொடியில் 1,208 ஒற்றை அடி அடித்தார், நொடிக்கு இருபது. நான் அதை வியந்து பார்த்தேன். மறுபடி பார்க்கத் தோன்றவில்லை. வேகத்துக்காகக் கேட்கத் தொடங்கிய சாண்டோவலின் அந்தப் பழைய ஆல்பத்தை இன்றும் கேட்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அந்த வேகத்தைத் தாண்டியவர்கள் எத்தனையோ பேர்.

அப்பாருவிடம் போங்கள். சமாதானம் செய்யவோ, இது இசைதான் என்று வாதாடவோ வேண்டாம். மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, 50-இல் ஆதி தாளம் போடச் சொல்லுங்கள். மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள். நீங்கள் மூன்று காலமும் கிக்கில் வாசியுங்கள். எந்த இடத்தில் அவர் முகம் சுளிக்கிறதோ அங்கே நடுக்கம் தொடங்குகிறது. அந்த வேகத்தைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை போதும், அவரைக் களைப்படையச் செய்ய வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து எனக்கு ஒரு பதிவு அனுப்புங்கள். முகம் தெரியவேண்டியதில்லை. செல்போனைத் தரையில் சாய்த்து வையுங்கள். முழங்காலிலிருந்து கீழே தெரிந்தால் போதும்.